கணக்கை முடிப்பதும் முடக்குவதும்

2008ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பின்யாமின் கின்ஸ்பர்க் என்ற யூத மதகுருவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் ஊழியர். அந்த நிறுவனத்தின் ‘வேர்ல்ட்பெர்க்ஸ்’ மைல் சேமிப்புத் திட்டத்தில் கின்ஸ்பர்க் 1999 முதல் உறுப்பினர். ஓயாமல் பறந்து பறந்து 2005இல் ‘பிளாட்டினம் எலீட்’ என்ற தகுதியையும் எட்டியிருந்தார். திட்டத்தை அவர் முறைகேடாகப் பயன்படுத்திவிட்டதால் அந்தத் தகுதி பறிக்கப்படுகிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த கடிதத்தில் குற்றப்பட்டியல் இருந்தது. 2007 டிசம்பர் தொடங்கி 24 முறை எங்கள் அலுவலகத்தைத் தொடர்புகொண்டிருக்கிறீர்கள், அதில் 9 முறை உங்கள் பெட்டி தாமதமாக வந்ததைப் பற்றி என்றது கடிதம். அவர் விளக்கம் கேட்டார். திட்டத்தில் உங்கள் நிலை என்ன என்பது தெளிவாகவே இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புகார்களுக்காக அவருக்கு 1,925 டாலர் பெறுமான பயணச் சீட்டுகளும், 78,500 கூடுதல் மைல்களும், 491 டாலர் ரொக்கமும் கொடுத்திருப்பதாக அதே கடிதம் கணக்குக் காட்டியது. ஆனால், கொடுத்தது நிறுவனமேதான். புகாரில் நியாயம் இருக்கிறது என்று நினைத்துத்தானே கொடுத்திருக்க வேண்டும்? பிறகு அதையே குற்றமாக எண்ணிக் கணக்கில் சேர்ப்பது என்ன நேர்மை?

கின்ஸ்பர்க் நீதிமன்றம் போனார். திட்டத்தின் ஒப்பந்தத்தில் ஒரு வரி அவருக்கு எதிராக நின்றது. முறைகேடு எது என்பதை நிறுவனம் தன் சொந்த முடிவின்படியே தீர்மானிக்கும், தீர்மானித்தால் கணக்கை ரத்து செய்யலாம் என்பது அந்த வரி. அப்படியே இருந்தாலும் ஒப்பந்தம் செய்துகொண்ட இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் அல்லவா என்பது அவருடைய வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 2 அன்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், விமானக் கட்டணத்தையும் சேவையையும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் இந்த வாதம் நிற்காது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. கின்ஸ்பர்க் உண்மையிலேயே திட்டத்தை ஏமாற்றினாரா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டது.

பதினேழு பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த இந்தக் கதையை இன்றைக்கு எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. அவருக்காவது ஒரு மனிதர் தொலைபேசியில் பேசினார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அது எத்தனை மோசமான கடிதமாக இருந்தாலும் அதில் எண்கள் இருந்தன, தேதி இருந்தது. இன்று நம் கைப்பேசிக்கு வருவது ஒற்றை வரி: ‘எங்கள் விதிமுறைகளை மீறியதால் உங்கள் ரிவார்ட்ஸ் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.’ எந்த விதி, என்றைக்கு, எப்படி மீறினோம் என்பது இல்லை. பதில் அனுப்பினால், இந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்கள் படிக்கப்படுவதில்லை என்று தானாகவே ஒரு பதில் வருகிறது. கஸ்டமர் கேரை அழைத்தால் முக்கால் மணி நேரம் இசை கேட்கலாம். அதன் பிறகு எடுப்பவருக்கும் திரையில் தெரிவது ‘முடக்கம்’ என்ற ஒரே சொல்தான். அவரைத் திட்டிப் பயனில்லை. காரணத்தை அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இழந்தது எவ்வளவு என்று கேட்பார்கள். முந்நூறு ரூபாய் கூப்பன், ஐந்நூறு ரூபாய் கிஃப்ட் கார்டு, அதிகம் போனால் சில ஆயிரம். இதற்கு ஒரு தலையங்கமா என்றும் கேட்கலாம். ஆனால், இந்தச் சிறு தொகைகளை யார் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். பல்பொருள் அங்காடியில் பில் போடும்போது மறக்காமல் கைப்பேசி எண்ணைச் சொல்லும் இல்லத்தரசி. தேடுபொறியில் தினமும் தேடியும் வினாடி வினாவுக்கு விடை சொல்லியும் பாயின்ட் சேர்த்து, ஒரு புத்தகமோ ஹெட்போனோ வாங்கிவிடலாம் என்று காத்திருக்கும் கல்லூரி மாணவர். மகன் வெளிநாட்டில் இருக்க, அவனைப் பார்க்கப் போகும் ஒரு டிக்கெட்டுக்காக நான்கு வருடமாக கிரெடிட் கார்டில் மைல் சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். ‘இன்னும் 600 பாயின்ட் வந்தால் போதும்’ என்று தீபாவளிக்கு நாள் எண்ணுகிறவர்கள் இவர்கள். ஒரு காலைப்பொழுதில் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாகிவிடுகிறது. பணத்தைவிட அவர்களை அதிகம் வருத்துவது, தங்களைத் திருடர் என்று யாரோ சொல்லிவிட்டு ஆதாரம் காட்டாமல் போய்விட்டார்கள் என்பதே.

பாயின்ட் என்பது நாங்கள் மனமுவந்து தரும் பரிசு, அதைத் தருவதும் நிறுத்துவதும் எங்கள் விருப்பம் என்பதுதான் இந்தத் திட்டங்களை நடத்துகிறவர்களின் அடிப்படை வாதம். விதிமுறைகளில் ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்: பாயின்டுக்குப் பண மதிப்பு கிடையாது, அது உறுப்பினரின் சொத்து அல்ல. இந்த வாதம் பொய் என்று நாம் சொல்கிறோம். நாம் மட்டும் சொல்லவில்லை, அவர்களுடைய கணக்குப் புத்தகமே சொல்கிறது.

2018 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடப்பில் இருக்கும் ‘இண்ட் ஏஎஸ் 115’ என்ற கணக்கியல் தரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கடை ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் விற்று, கூடவே 50 ரூபாய் பெறுமானமுள்ள பாயின்டும் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பாயின்டும் பயன்படுத்தப்படும் என்று எதிர்பார்த்தால், அந்த ஆயிரம் ரூபாய் முழுவதையும் அன்றைய வருமானம் என்று கடை எழுத முடியாது. சுமார் 952 ரூபாய்தான் வருமானம். மீதி 48 ரூபாய், வாடிக்கையாளருக்கு இன்னும் செய்து முடிக்காத கடமைக்காகப் பெற்ற முன்பணம். அதைப் பொறுப்பு என்ற தலைப்பில்தான் எழுத வேண்டும். வாடிக்கையாளர் பாயின்டைப் பயன்படுத்தும்போதோ, அது காலாவதி ஆகும்போதோதான் அந்த 48 ரூபாய் வருமானப் பக்கத்துக்கு வரும். அப்படியென்றால் இல்லத்தரசி கொடுத்த ஆயிரத்திலேயே பாயின்டுக்கான விலையும் அடங்கியிருக்கிறது. அவர் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய ஒன்றைப் பரிசு என்று அவரிடமே சொல்கிறார்கள். கணக்கை முடக்கிப் பாயின்டை அழிக்கும்போது, தர வேண்டிய கடன் சத்தமில்லாமல் லாபமாக மாறுகிறது. குற்றம் சாட்டுகிறவரே தீர்ப்பும் எழுதி, அபராதத்தையும் தன் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. இதை ஒரு நாகரிக சமூகம் ஏற்கலாகாது.

விமான நிறுவனங்களின் கதை இன்னும் வெளிப்படையானது. கொரோனா காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் 2020இல் தன் ‘மைலேஜ்பிளஸ்’ திட்டத்தையே ஈடாக வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. டெல்டா தன் ‘ஸ்கைமைல்ஸ்’ திட்டத்தை வைத்து 900 கோடி டாலர் திரட்டியது. 1981இல் ‘ஏஅட்வான்டேஜ்’ என்ற பெயரில் இந்த வழக்கத்துக்கே வழிகாட்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 2021 மார்ச்சில் அதை ஈடு வைத்து 1,000 கோடி டாலர் வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் ஏமாளிகள் அல்ல. கோடிக்கணக்கான உறுப்பினர்கள் அந்த மைல்களை நம்பி இன்னும் பல ஆண்டுகள் செலவழிப்பார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் அத்தனை விலை. வங்கியிடம் போகும்போது ஆயிரம் கோடிக்கு ஈடாக நிற்கும் பொருள், அதைச் சேர்த்த மனிதரிடம் வரும்போது மட்டும் மதிப்பில்லாததாகிவிடுமா?

நம் ஊர் மளிகைக் கடையில் பற்று நோட்டு என்று ஒன்று இருந்தது. இன்றும் பல தெருக்களில் இருக்கிறது. அண்ணாச்சிக்கும் ஒரு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டால், ‘இனிமே இங்க வராதீங்க’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கடை அவருடையது. ஆனால், அதைச் சொல்வதற்கு முன் நோட்டைப் புரட்டுவார். நீங்கள் தர வேண்டியது இவ்வளவு, சீட்டில் கட்டியதில் நான் தர வேண்டியது இவ்வளவு என்று பென்சிலால் கூட்டிக் கழித்து, மிச்சத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவார். அதற்குப் பெயர் கணக்கை முடிப்பது. தர வேண்டியதைத் தராமல் கடைக் கதவைச் சாத்தினால் ஊர் அதை வேறு பெயரில் அழைக்கும். இணையத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உறவை முறித்துக்கொள்ளும் உரிமையோடு, பாக்கியை விழுங்கும் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். முதல் உரிமையை நாம் மறுக்கவில்லை. இரண்டாவது யாருக்கும் கிடையாது.

மோசடியே நடப்பதில்லை என்று நாம் சொல்லவரவில்லை. ஒரே ஆள் முப்பது கணக்கு திறந்து, ஒவ்வொன்றிலும் அறிமுகச் சலுகையை வாங்கிக்கொள்வது நடக்கிறது. மனிதருக்குப் பதிலாக நிரலை உட்காரவைத்து இரவெல்லாம் தேட விட்டு பாயின்ட் குவிப்பது நடக்கிறது. இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டுச் சலுகையைப் பெறுவதும், எண் சொல்லாமல் போகும் வாடிக்கையாளரின் பில்லைக் கவுன்டரில் இருப்பவர் தன் எண்ணில் ஏற்றிக்கொள்வதும் உண்டு. இதெல்லாம் ஏமாற்று வேலை. செய்தவரின் பாயின்ட் போனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. நேர்மையாகச் சேர்க்கிறவர்களுக்கான சலுகையையும் இவர்கள்தான் குறைக்கிறார்கள்.

ஆனால், இயந்திரம் மோசடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அடையாளங்களை வைத்து. ஒரே இணைய முகவரியிலிருந்து பல கணக்குகள் இயங்கினால் சந்தேகப்படுகிறது. கல்லூரி விடுதியில் ஒரே வைஃபையில் நூறு மாணவர்கள் இருப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒரே கைப்பேசியில் இரண்டு கணக்கு இருந்தால் சந்தேகப்படுகிறது. நம் வீடுகளில் அம்மாவும் மகளும் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்வது அதற்குத் தெரியாது. நேற்று மதுரையில் இருந்தவர் இன்று துபாயில் உள்நுழைந்தால் திடுக்கிடுகிறது. வேலைக்குப் போனவரின் விமான டிக்கெட்டை அது பார்க்கவில்லை. பயன்பாட்டில் இல்லாமல் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் 90 நாளுக்குப் பின் வேறொருவர் கைக்குப் போகிற நாடு இது. பழைய சொந்தக்காரரின் பாவமும் புதியவரின் கணக்கில் ஏறிவிடலாம். சந்தேகப்படுவது இயந்திரத்தின் வேலை, படட்டும். சந்தேகத்தின் பேரில் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதிலும் தவறில்லை. சந்தேகத்தையே தீர்ப்பாக ஆக்கி, அதற்குமேல் ஒரு மனிதர் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார் என்று அறிவிப்பதுதான் அநீதி.

மோசடிக்காரர்கள் தப்பிக்க வழி கற்றுக்கொள்வார்கள், அதனால்தான் காரணத்தைச் சொல்வதில்லை என்கிறார்கள். கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாளில், எந்தப் பரிவர்த்தனையில், எந்த விதி மீறப்பட்டது என்றுதான் கேட்கிறோம். பூட்டின் உள்ளமைப்பை வெளியிடாமலேயே, எதைத் திருடியதாகச் சொல்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவில் 2018 மே முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆவது பிரிவு, ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுப்பதற்கு எதிரான உரிமையைத் தருகிறது. இதை வைத்துத்தான் ஊபர் ஓட்டுநர்கள் சிலர் தங்கள் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2023 ஏப்ரலில் வென்றார்கள். அந்த முடிவுகளில் மனிதர்களுக்கு இருந்த பங்கு வெறும் பெயரளவுக்குத்தான் என்று நீதிமன்றம் கண்டது. அது பிழைப்பு பற்றிய வழக்கு, கூப்பனோடு ஒப்பிடக் கூடாது என்பது சரியே. ஆனால், மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற கொள்கைக்குத் தொகை ஒரு தடையாகாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், நாள் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பாயின்டை அழிக்கக் கூடாது என்று 2016இல் சட்டமே இயற்றியது. அதாவது, பாயின்ட் சேர்த்தவருக்கு அதில் உரிமை உண்டு என்று ஒரு சட்டமன்றம் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற புதிய கருத்தைக் கொண்டுவந்தது. தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம்தரும் விதி, அந்தச் சட்டத்தின் 2(46) பிரிவில் அதற்கு உதாரணமாக வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ‘எங்கள் சொந்த முடிவின்படி, எந்த நேரத்திலும், காரணம் கூறாமல்’ என்று எழுதிவைத்திருக்கும் நிறுவனங்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பெட்டியில் நீங்கள்தானே டிக் செய்தீர்கள் என்ற பதிலும் செல்லாது. பேரம் பேச வலுவில்லாதவரிடம் கையெழுத்து வாங்கிய அநியாய நிபந்தனை நிற்காது என்று நம் உச்ச நீதிமன்றம் 1986இலேயே பிரஜநாத் கங்குலி வழக்கில் சொல்லிவிட்டது. 2019இல் பயனியர் வழக்கில், வீடு வாங்கியவர்மீது கட்டுமான நிறுவனம் திணித்த ஒருதலைப்பட்ச ஒப்பந்தத்தை முறையற்ற வணிக நடவடிக்கை என்றே வகைப்படுத்தியது.

சட்டத்தில் குறைகளும் இருக்கின்றன. நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்காட மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்காக யார் போவார்கள்? தவிர, நுகர்வோர் என்பவர் விலை கொடுத்தவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கடையில் பொருள் வாங்கிப் பாயின்ட் பெற்றவருக்கு இதில் சிக்கல் இல்லை. தேடுபொறியில் நேரத்தையும் தன்னைப் பற்றிய தகவல்களையும் கொடுத்துப் பாயின்ட் சேர்த்த மாணவர், நான் கொடுத்ததும் ஒரு விலைதான் என்று வாதாட வேண்டியிருக்கும். அந்த வாதம் சரியானது என்பதே நம் கருத்து. அவருடைய நேரத்தால் நிறுவனத்துக்கு விளம்பர வருமானம் கிடைக்கிறது. கூலி பேசி வேலை வாங்கிவிட்டு, மாலையில் கூலி கிடையாது என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

கணக்கு முடக்கப்பட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் வேலையாக, இருக்கிற எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்: கடைசியாகக் காட்டிய பாயின்ட் இருப்பு, வந்த மின்னஞ்சல், பில்கள். ஆத்திரத்தில் வேறு பெயரில் புதுக் கணக்கு திறக்காதீர்கள். முதல் குற்றச்சாட்டு பொய்யாக இருந்தாலும், இரண்டாவது கணக்கு அதை மெய்யாக்கிவிடும். நிறுவனத்துக்கு எழுதும்போது கெஞ்சவும் வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். எந்த விதி, எந்தத் தேதி, என் இருப்பு என்ன ஆயிற்று என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். வீட்டில் யாராவது அதே கைப்பேசியைப் பயன்படுத்தியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணைய வணிக நிறுவனங்களின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும், தேடி எடுத்து அவருக்கே எழுதுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே போக வேண்டுமானால், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. பாயின்டைத் தராமல் போனதைச் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். முடங்கிய கணக்கைத் திறந்து தருகிறோம், இன்று இரவுக்குள் பாயின்ட் காலாவதி ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். வங்கிகளின் பெயரிலேயே ஏபிகே கோப்பு அனுப்பி, அதைப் பதிவிறக்கச் சொல்லிச் சேமிப்புக் கணக்கைத் துடைத்தெடுக்கும் கும்பல்கள் இருக்கின்றன. நிறுவனங்கள் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதால் ஏற்படும் பதற்றம்தான் இவர்களுக்கு முதலீடு. முந்நூறு ரூபாய் பாயின்டுக்காகத் தவித்த ஒருவர் மூன்று லட்சத்தை இழந்தால், அந்தப் பாவத்தில் பதில் சொல்லாத நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க்காக ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காடுவது நடக்கிற காரியமில்லை. அதற்காகத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020இல் அமைக்கப்பட்டது. தனி ஒருவரின் புகாருக்காகக் காத்திராமல், நுகர்வோர் கூட்டத்துக்கே இழைக்கப்படும் அநீதியைத் தானாக எடுத்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. இணையத்தில் மக்களை ஏய்க்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது அந்த ஆணையம்தான். காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கிப் பாக்கியை விழுங்குவதையும் அது தன் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முடக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எந்த விதி எந்த நாளில் மீறப்பட்டது என்று எழுத்தில் தர வேண்டும். வாடிக்கையாளரின் விளக்கத்தை ஒரு மனிதர் படித்துத் தன் பெயரிட்டுப் பதில் எழுத வேண்டும். மோசடி நிரூபிக்கப்பட்டால், மோசடியால் வந்த பாயின்டை மட்டுமே கழிக்க வேண்டும். மீதியை 30 நாளுக்குள் ரூபாயாகவோ கூப்பனாகவோ கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். எத்தனை கணக்குகளை முடக்கினோம், அதனால் எவ்வளவு தொகை பொறுப்புப் பக்கத்திலிருந்து வருமானப் பக்கத்துக்கு மாறியது என்பதை ஆண்டறிக்கையில் தனி வரியாக அச்சிட வேண்டும். அந்த வரியைப் பங்குதாரர்களும் படிக்கட்டும்.